பள்ளிப் பணியாளரின் பணி அழுத்தமும் திருச்சபையின் பொறுப்பும்

முன்னுரை

தமிழ்நாட்டில் திருச்சபையையும் பள்ளிக்கூடத்தையும் பிரித்துப் பேசுதல் எளிதன்று. 1706ஆம் ஆண்டில் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு ஐயர் அங்குத் திருப்பணி தொடங்கிய சில ஆண்டுகளுக்குள்ளாகவே பள்ளிகளையும் நிறுவினார். பின்னர்த் திருநெல்வேலிச் சீமையின் சிற்றூர்களில் உபதேசியாரே வாத்தியாராகவும் விளங்கினார். பகலில் எழுத்தறிவித்தவரே மாலையில் ஜெபம் நடத்தினார். இன்றும் பல திருமண்டலங்களில் சேகரக் குருவானவர் ஒரு பள்ளியின் தாளாளராகவோ நிர்வாகக் குழுவின் தலைவராகவோ பொறுப்பு வகிக்கிறார். ஆகவே, பள்ளியில் பணிபுரிவோர் உளம் சோர்ந்து நிற்பது கல்வித் துறையின் சிக்கல் மட்டுமன்று. அது நம் இல்லத்திற்குள்ளேயே நிகழும் ஒன்றாகும்.

ஆயர்களிடம் ஆசிரியர்கள் சொல்லும் குறைகள் பெரும்பாலும் வேறு பெயர்களில் வருகின்றன. தூக்கமின்மை, ஓயாத தலைவலி, இரத்த அழுத்தம், வீட்டில் சினம், ஜெபிக்க மனமின்மை என்பன அவற்றுட் சில. இவற்றைத் தனிமனிதரின் விசுவாசக் குறைவாக எண்ணி, ஜெபித்து அனுப்பிவிடுவது எளிது. இவற்றுக்குப் பின்னால் பணியிடம் என்ற ஒன்று உண்டா என்று கேட்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. சொல்லும் பொருளும்

அழுத்தம் என்னும் சொல் பொறியியலிலிருந்து உளவியலுக்கு வந்தது. பாலத்தின்மீது ஏறும் பாரம் ஓர் அளவு வரை அதைத் தாக்குவதில்லை; அளவு மிகும்போது விரிசல் காண்கிறது. உடலியல் அறிஞர் ஹான்ஸ் செலியே 1936ஆம் ஆண்டில், வெவ்வேறு வகையான தீங்குகளுக்கு உட்படுத்தப்பட்ட எலிகளின் உடலில் ஒரே வகையான மாற்றங்கள் தோன்றுவதைக் கண்டு வெளியிட்டார். எச்சரிக்கை நிலை, எதிர்த்து நிற்கும் நிலை, களைத்து ஓயும் நிலை என மூன்று படிகளை அவர் வகுத்தார். இரண்டாம் படியில் இருப்பவர் வெளித்தோற்றத்தில் நலமாகவே காணப்படுவார் என்பது ஆயர்கள் நினைவிற்கொள்ள வேண்டிய செய்தி. எல்லாக் கூட்டங்களுக்கும் தவறாது வந்து, எல்லாப் பொறுப்புகளையும் ஏற்கும் ஆசிரியை நலமாயிருக்கிறார் என்று முடிவு செய்வதற்கில்லை.

1974இல் ஹெர்பெர்ட் ஃபிராய்டன்பெர்கர் என்னும் உளவியலார், பிறர்க்கு உதவும் பணியில் ஆர்வத்தோடு இறங்கியவர்கள் சில காலத்தில் உள்ளம் வறண்டுபோவதை விளக்கி, அந்நிலைக்கு ‘பர்ன்அவுட்’ என்று பெயர் சூட்டினார். எரிந்து தீர்தல் என்று அதனைத் தமிழில் கூறலாம். 1981இல் கிறிஸ்டினா மாஸ்லாக், சூசன் ஜாக்சன் ஆகிய இருவரும் இதனை அளக்கும் வினாப்பட்டியலை வெளியிட்டனர். அவர்கள் கண்ட கூறுகள் மூன்று. முதலாவது, உணர்ச்சி வற்றிக் களைத்தல். இரண்டாவது, தம் பொறுப்பில் உள்ள மனிதரை மனிதராகக் காணாமல், தீர்க்க வேண்டிய தொல்லைகளாகக் காணுதல். மூன்றாவது, தாம் செய்தது ஒன்றுமே இல்லை என்ற வெறுமை. இரண்டாவது கூறு பள்ளியைப் பொறுத்தவரை மிகவும் கவலைக்குரியது. அன்புடன் பணிக்கு வந்த ஆசிரியர் பிள்ளைகளைப் பெயரால் அறியாது, மதிப்பெண்ணால் மட்டும் அறியத் தொடங்குவது இதன் அடையாளம்.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்றுக்கொண்ட நோய்ப் பட்டியலின் பதினோராம் திருத்தத்தில், இந்நிலை ஒரு நோயாக அன்று, பணி சார்ந்த நிகழ்வாகவே குறிக்கப்பட்டுள்ளது. சரிவரக் கையாளப்படாத பணியிட அழுத்தத்தின் விளைவே அது என்பது அங்குத் தரப்படும் விளக்கம். எனவே, தேடப்பட வேண்டிய காரணம் ஆளிடத்தில் மட்டுமன்றிப் பணியிடத்திலும் இருக்கிறது.

ராபர்ட் கராசெக் 1979இல் கூறிய ஒரு கருத்து இதற்குத் துணைசெய்கிறது. வேலை மிகுதி மட்டுமே மனிதரை முறிப்பதில்லை. வேலை மிகுந்தும், அதை எப்படிச் செய்வது என்று முடிவுசெய்யும் உரிமை குறைந்தும் இருக்கும் இடத்திலேயே அழுத்தம் கடுமையாகிறது. மிகுந்த வேலையுடைய தலைமை அதிகாரியைவிட, நடுத்தர வேலையும் சொல்லுரிமையே இல்லாத நிலையும் உடைய ஊழியர் அதிகமாக நலிவதற்குக் காரணம் இதுவே.

2. பள்ளியில் அழுத்தம் பிறக்கும் இடங்கள்

இங்கிலாந்தில் 16 பள்ளிகளைச் சேர்ந்த 257 ஆசிரியர்களிடம் கிரியாக்கோ, சட்கிளிஃப் என்னும் இருவர் நடத்தி 1978இல் வெளியிட்ட ஆய்வு, ஆசிரியர் அழுத்தத்தின் ஊற்றுகளை நான்காகத் தொகுத்தது: மாணவரின் ஒழுங்கின்மை, பணிச்சூழலின் குறைபாடு, நேர நெருக்கடி, பள்ளியின் நல்லுறவற்ற போக்கு. நம் நாட்டுச் சூழலில் இவற்றோடு வேறு சிலவும் சேர்கின்றன.

(அ) தேர்ச்சி விழுக்காடு: பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் நூற்றுக்கு நூறு தேர்ச்சி என்பது பல பள்ளிகளின் குறிக்கோளாகிவிட்டது. அதற்காகக் காலையிலும் மாலையிலும் விடுமுறை நாளிலும் தனி வகுப்புகள் நடைபெறுகின்றன. இப்போக்கு புதியதன்று. இங்கிலாந்தில் 1862ஆம் ஆண்டின் விதித்தொகுப்பு, ஆய்வாளர் நடத்தும் தேர்வில் பிள்ளைகள் பெறும் தேர்ச்சிக்கு ஏற்பப் பள்ளிகளுக்கு மானியம் தந்தது. அதே வகையான முறை சென்னை மாகாணத்திலும் வந்து, மிஷன் பள்ளிகளையும் கட்டுப்படுத்தியது. ஆசிரியர் பாடத்தை உருப்போடவைக்கவும் ஆய்வாளரைக் கண்டு அஞ்சவும் அது வழிசெய்தது என்ற குறை எழுந்து, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது இங்கும் கைவிடப்பட்டது. விதி போயிற்று, மனப்பான்மை போகவில்லை. ஒரு பிள்ளை தேர்வில் தோற்றதற்கு ஆசிரியரைக் கூட்டத்தின் நடுவே எழுப்பி நிறுத்தும் வழக்கம் இன்றும் உண்டு.

(ஆ) கற்பித்தலுக்குப் புறம்பான வேலை: பதிவேடுகளும் படிவங்களும் பெருகியுள்ளன. வருகை, உதவித்தொகை, விலையில்லாப் பொருள்கள், மாணவர் விவரங்கள் யாவும் ‘எமிஸ்’ என்னும் கணினித் தளத்திலும் ஏற்றப்பட வேண்டும். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் உதவி, தேர்தல் பணி ஆகியவை தவிர, கல்விக்குப் புறம்பான வேலைகளில் ஆசிரியரை ஈடுபடுத்தலாகாது என்கிறது. ஆயினும், கல்வியோடு தொடர்புடையது என்ற பெயரில் வரும் எழுத்து வேலைக்கு அப்பிரிவு எல்லை வகுக்கவில்லை.

(இ) நிலையற்ற ஊதியம்: ஒரே ஆசிரியர் அறையில் அரசு ஊதியம் பெறுபவரும், நிர்வாகம் தரும் சிறுதொகை பெறுபவரும் அருகருகே அமர்ந்திருக்கின்றனர். இருவரும் கற்பிப்பது ஒரே பாடம். திருத்துவது ஒரே அளவு விடைத்தாள். 2020 மார்ச்சில் கொரோனாத் தொற்றினால் பள்ளிகள் மூடப்பட்டபோது இந்த வேறுபாடு வெளிச்சமாயிற்று. தனியார் பள்ளி ஆசிரியர் பலர் பாதி ஊதியத்தோடோ ஊதியமே இன்றியோ வாழ்ந்தனர். கூலி வேலைக்கும் சிறு வாணிகத்திற்கும் சென்றவர் உண்டு.

(ஈ) தகுதித் தேர்வு பற்றிய அச்சம்: பணியிலிருக்கும் ஆசிரியரும், ஓய்வு பெற ஐந்து ஆண்டுகளுக்கு மேல் இருப்பின், இரண்டு ஆண்டுகளுக்குள் தகுதித் தேர்வில் தேற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பரில் தீர்ப்பளித்தது. சிறுபான்மையினர் பள்ளிகளைப் பற்றிய வினாவை அது பெரிய அமர்வின் ஆய்வுக்கு விட்டது. தகுதியைச் சோதிப்பது தவறென்று நாம் சொல்லவில்லை. ஆயினும் இருபது ஆண்டுகள் கற்பித்தவர் மீண்டும் தேர்வெழுதும் அச்சத்தில் வகுப்பறையில் நிற்பதை ஆயர் அறிந்திருத்தல் வேண்டும்.

(உ) திருச்சபை சேர்க்கும் சுமை: இதனைத் தனியே கூறுதல் தகும். நம் பள்ளிகளில் பணிபுரியும் கிறிஸ்தவ ஆசிரியர் ஞாயிறு பள்ளியிலும் பாடகர் குழுவிலும் விடுமுறை வேதப் பள்ளியிலும் பொறுப்பேற்கின்றனர். அறுப்பின் பண்டிகை, நற்செய்திப் பெருவிழா, கட்டட நிதி என ஒவ்வொன்றுக்கும் காணிக்கைப் பட்டியல் முதலில் செல்வது ஆசிரியர் அறைக்கே. மறுத்தால் இடமாற்றம் வருமோ என்ற ஐயம் இருக்குமாயின், அது காணிக்கையாகாது, வரியாகும். திருமண்டலத் தேர்தலுக்குப் பின் நிகழும் இடமாற்றங்களும், நியமனத்திற்குப் பணம் கேட்கப்படும் இடங்களில் கடன்பட்டுப் பணிக்கு வருபவரின் மனநிலையும் இங்கு எண்ணத்தக்கவை. கடனோடு தொடங்கும் பணியில் அழுத்தம் முதல் நாளிலேயே அமைந்துவிடுகிறது.

3. கண்ணில் படாத பணியாளர்

பள்ளி என்றவுடன் ஆசிரியர் மட்டுமே நினைவிற்கு வருகின்றனர். அலுவலகத்தின் இளநிலை உதவியாளர், ஆய்வக உதவியாளர், அலுவலக உதவியாளர், இரவுக் காவலர், துப்புரவுப் பணியாளர், வாகன ஓட்டுநர், மழலையர் வகுப்பின் ஆயா ஆகியோரும் பள்ளியின் பணியாளரே. 1982இல் தொடங்கிய சத்துணவுத் திட்டத்தின் அமைப்பாளரும் சமையலரும் உதவியாளரும் அந்த வளாகத்திலேயே பணிபுரிகின்றனர். 2022இல் அரசுத் தொடக்கப்பள்ளிகளில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் 2024இல் ஊரகப் பகுதிகளின் உதவிபெறும் பள்ளிகளுக்கும் விரிந்தபின், பள்ளி விழிக்குமுன் அடுப்பு எரிகிறது.

இவர்களது அழுத்தம் வேறு வகையானது. கராசெக் கூறிய சொல்லுரிமை இவர்களிடம் மிகக் குறைவு. எவரும் எந்நேரமும் எந்த வேலைக்கும் அழைக்கலாம் என்ற நிலையே இவர்களைச் சோர்விக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பள்ளி வளாகத்தில் சபைக் கூட்டம் நடந்தால் கதவு திறப்பவர் காவலர். கூட்டம் முடிந்தபின் எச்சில் இலைகளை அகற்றுபவர் துப்புரவுப் பணியாளர். அவருக்கு ஓய்வுநாள் எது என்று கேட்பவர் இலர். சாதியின் நிழல் இவ்வேலைப் பங்கீட்டில் விழுந்திருப்பதையும் நாம் மறைத்தல் ஆகாது.

4. திருமறையின் ஒளியில்

யாத்திராகமம் ஐந்தாம் அதிகாரம் பணி அழுத்தத்தைப் பற்றிய மிகத் தெளிவான ஆவணம் எனலாம். பார்வோன் வைக்கோல் தருவதை நிறுத்துகிறான். செங்கற் கணக்கைக் குறைக்கவில்லை. உதவி குறைந்து இலக்கு குறையாதிருப்பதே இன்றைய பள்ளிகளின் நிலையும் ஆகும். காலிப் பணியிடம் நிரப்பப்படாது, தேர்ச்சி விழுக்காடு மட்டும் உயர வேண்டும் என்ற ஆணை அத்தகையது.

அவ்வதிகாரத்தில் நாம் கூர்ந்து நோக்க வேண்டியவர்கள் இஸ்ரவேலரிலிருந்தே நியமிக்கப்பட்ட மேற்பார்வையாளர். கணக்குக் குறைந்தபோது அடிக்கப்பட்டவர்கள் அவர்களே (யாத். 5:14). மேலிருந்து ஆணையும் கீழிருந்து முறையீடும் வர, நடுவில் நின்று நசுங்கியவர்கள் அவர்கள். நம் தலைமை ஆசிரியர்களை இவ்விடத்தில் வைத்துப் பார்க்கலாம். அவர்கள் முறையிட்டபோது பார்வோன் தந்த விடை, நீங்கள் சோம்பேறிகள் என்பதே. களைத்தவரைச் சோம்பேறி என்று தீர்ப்பது பார்வோனின் இறையியல். அது எந்தத் திருச்சபை நிர்வாகத்தின் நாவிலும் வருதல் தகாது. பின்னர் அம்மேற்பார்வையாளர் மோசேயையே குறை கூறினர். மோசே அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. அம்முறையீட்டைக் கடவுளிடம் எடுத்துச் சென்றார். மக்களின் சினத்தையும் முறையீடாக ஏற்கத் தெரிந்தவரே ஆயர்.

பதினெட்டாம் அதிகாரத்தில் எத்திரோ தம் மருமகனின் வேலைமுறையைக் கண்டு, நீயும் மக்களும் தொய்ந்துபோவீர்கள் என்னும் கருத்தில் எச்சரிக்கிறார். அங்கு வரும் எபிரேய வினைச்சொல் இலை வாடுவதைக் குறிப்பது. முதலாம் சங்கீதத்தில் நீர்க்கால்கள் ஓரமாய் நடப்பட்ட மரத்தின் இலையைப் பற்றிச் சொல்லும்போதும் இதே வினை எதிர்மறையில் வருகிறது. இலை வாடுவது இலையின் குற்றமன்று. வேருக்கு நீர் வருகிறதா என்பதே கேள்வி. எத்திரோ மோசேக்குப் பொறுமையைப் போதிக்கவில்லை. வேலையைப் பகிர்ந்தளிக்கும் அமைப்பைப் பரிந்துரைத்தார். எண்ணாகமம் பதினோராம் அதிகாரத்தில் அதே மோசே, இச்சுமையைத் தனியே தாங்குவதைவிடச் சாவதே நலம் என்று கூறும்போது, கடவுள் அவரைத் தண்டிக்கவில்லை. எழுபது மூப்பரைத் துணையாகத் தந்தார்.

எலியாவின் வரலாறு (1 இரா. 19) ஆயரின் வழிகாட்டி எனத்தகும். சூரைச்செடியின்கீழ்ச் சாவை வேண்டிய இறைவாக்கினருக்கு முதலில் அளிக்கப்பட்டது போதனை அன்று. உறக்கமும் அப்பமும் தண்ணீரும் ஆகும். அதுவும் இருமுறை. பின்னரே பயணம். ஓரேபில் அவர் தம் குறையை இருமுறை ஒரே வகையில் கூறுகிறார், இருமுறையும் கேட்கப்படுகிறார். அதன் பின்னரே புதிய பணியும், அதோடு எலிசா என்னும் துணையும், எஞ்சியிருக்கும் ஏழாயிரவரைப் பற்றிய செய்தியும் வருகின்றன. உடல், செவி, துணை என்னும் இவ்வரிசையை மாற்றி, முதலிலேயே அறிவுரை தருவது நம் வழக்கமாக இருத்தல் ஆகாது.

ஓய்வுநாள் கட்டளை உபாகமம் ஐந்தாம் அதிகாரத்தில் வேலைக்காரரின் ஓய்வை அதன் நோக்கமாகவே கூறுகிறது. எசமான் இளைப்பாறுவதுபோல் வேலைக்காரரும் இளைப்பாற வேண்டும். எகிப்தின் அடிமைத்தன நினைவே இதற்கு அடிப்படை. எனவே காவலரின் ஓய்வைக் கெடுத்து நடத்தப்படும் ஆராதனைக் கூட்டம், கட்டளையின் ஒரு பாதியைக் காத்து மறுபாதியை மீறுகிறது.

5. மேய்ப்பரும் முதலாளியும்

இங்கே ஒரு கடினமான கேள்வி எழுகிறது. தாளாளராகிய ஆயரிடம் அவருடைய பள்ளி ஆசிரியர் தம் உளச்சோர்வை மனம்விட்டுக் கூற முடியுமா? தண்டிக்கவும் இடமாற்றவும் அதிகாரம் உடையவரிடம் பாவ அறிக்கை செய்யலாம். பணியிடத்தைப் பற்றிய முறையீடு செய்வது அரிது. இவ்விரட்டை நிலையை நல்ல குணத்தால் மட்டும் கடக்க இயலாது. அதற்கு அமைப்பு முறையான தீர்வு வேண்டும்.

சிறுபான்மையினர்க்கு அரசியலமைப்பின் 30ஆம் உறுப்பு தரும் நிர்வாக உரிமை, தவறான நிர்வாகம் செய்யும் உரிமை ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 1958ஆம் ஆண்டிலேயே கேரளக் கல்வி மசோதா பற்றிய கருத்துரையில் தெளிவாக்கியது. கல்வி உரிமைச் சட்டம் சிறுபான்மையினர் பள்ளிகளுக்குப் பொருந்தாது என 2014இல் தீர்ப்பு வந்தது. 2025இல் வேறோர் அமர்வு அதனை மறு ஆய்வுக்கு உரியதாகக் கருதியது. சட்டம் எத்திசையில் சென்றாலும், சட்டத்திலிருந்து விலக்குப் பெறுவது நீதியிலிருந்து விலக்குப் பெறுவதாகாது. கூலி பிடிக்கப்பட்ட வேலையாளரின் கூக்குரல் கடவுளின் செவிக்கு எட்டுகிறது என்று யாக்கோபு நிருபம் கூறுவது (யாக். 5:4), திருச்சபைப் பள்ளிகளின் ஊதியப் பட்டியலுக்கும் பொருந்தும்.

இன்னொன்றையும் நடுநிலையோடு கூற வேண்டும். அழுத்தம் மேலிருந்து கீழ்நோக்கிப் பாய்வது. நிர்வாகம் தலைமை ஆசிரியரையும், தலைமை ஆசிரியர் ஆசிரியரையும் நெருக்க, இறுதியில் அது வந்து விழுவது பிள்ளையின்மீது. ஆசிரியரின் சோர்வு பிள்ளையை அடிப்பதற்கோ இழிவாகப் பேசுவதற்கோ நியாயம் ஆகாது. உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடைசெய்கிறது. ஆசிரியரைக் காப்பது பிள்ளையைக் காப்பதன் ஒரு பகுதி என்பதே நம் வாதம்.

6. செய்யத்தக்கவை

முதலாவதாக, ஆயர் பள்ளிக்குச் செல்லும் நாள்களுள் சில மேற்பார்வைக்காக அன்றி, நலம் விசாரிப்பதற்காக மட்டும் அமைதல் வேண்டும். அன்று பதிவேடுகளைக் கேட்கலாகாது. ஆசிரியர் அறையிலும் சமையற்கூடத்திலும் வாயிற்காவலரிடமும் சமமான நேரம் செலவிடுதல் நன்று.

இரண்டாவதாக, தாளாளராகிய ஆயர் தம் பள்ளிப் பணியாளருக்குத் தாமே ஆற்றுப்படுத்துநராக இராமல், அடுத்த சேகரத்தின் ஆயர் ஒருவரையோ பயிற்சி பெற்ற ஒருவரையோ அவர்கள் அணுக ஏற்பாடு செய்யலாம். கேட்டவை இரகசியமாய்க் காக்கப்படுதல் இன்றியமையாதது. ஒருவர் தனிமையில் கூறியதை ஜெபக் குறிப்பாகக் கூட்டத்தில் அறிவிப்பது நம்பிக்கைத் துரோகமாகும்.

மூன்றாவதாக, இடமாற்றத்திற்கும் பதவி உயர்வுக்கும் எழுதப்பட்ட நெறிமுறைகள் வேண்டும். மனம்போன போக்கில் வரும் ஆணையைவிடக் கடுமையான விதியைத் தாங்குவது எளிது. பணிக்கொடைச் சட்டத்தின் பயன் 1997 ஏப்ரல் முதல் ஆசிரியருக்கும் உரியது என்று 2009இல் திருத்தம் வந்தது. 2022இல் உச்ச நீதிமன்றம் அதனை உறுதிசெய்தது. நிர்வாக ஊதியம் பெறுவோர்க்கு இத்தகைய உரிமைகளைக் கேளாமலே அளிப்பது திருச்சபைக்கு அழகு.

நான்காவதாக, ஞாயிறு பள்ளி முதலிய பணிகளில் ஆசிரியரல்லாத சபையாரையும் பயிற்றுவித்து, ஆசிரியருக்குச் சுழற்சி முறையில் ஓய்வு தரலாம். இல்லறச் சுமையும் சேரும் ஆசிரியைகளுக்கு இது பெரிய ஆறுதலாகும். காணிக்கை பட்டியலின்றி மனமுவந்து வரட்டும்.

ஐந்தாவதாக, பணியிடச் சோர்வும் மனநோயும் ஒன்றல்ல என்பதை ஆயர் அறிதல் வேண்டும். வாரக்கணக்கில் உறக்கமும் உணவும் கெட்டு, வாழ்வதில் பொருளில்லை என்று ஒருவர் கூறுவாராயின், ஜெபத்தோடு நில்லாமல் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுதல் கடமை. 2022 அக்டோபரில் தொடங்கிய ‘டெலி மானஸ்’ என்னும் அரசின் தொலைபேசி உதவிக்கு 14416 என்ற எண்ணில் பேசலாம்.

ஆறாவதாக, இறையியல் மாணவர்க்கு ஒரு சொல். நாளை உங்களுட் பலர் பள்ளி நிர்வாகப் பொறுப்பில் அமர்வீர்கள். ஆயர் பணிப் பாடத்தோடு, ஊதியப் பட்டியலை வாசிக்கவும் பணி விதிகளை அறியவும் இப்போதே பழகிக்கொள்ளுங்கள்.

முடிவுரை

செப்டம்பர் 5ஆம் நாளையொட்டி நடைபெறும் ஆராதனைகளில் ஆசிரியரை மெழுகுவர்த்திக்கு ஒப்பிட்டுப் புகழ்வது வழக்கம். தன்னை உருக்கி ஒளி தருவது என்பது கேட்க இனிதே. ஆனால் உருகித் தீர்ந்தபின் மெழுகுவர்த்திக்கு என்ன நேர்கிறது என்று அப்புகழ்ச்சி கேட்பதில்லை. திருமறை காட்டும் விளக்கு வேறு. ஆசரிப்புக் கூடாரத்தின் குத்துவிளக்கு தன்னைத் தின்று எரியவில்லை. அது எப்போதும் எரியும்படி, இடித்துப் பிழிந்த தெளிந்த ஒலிவ எண்ணெயைக் கொண்டுவரும் கடமை இஸ்ரவேல் மக்கள் அனைவர்மீதும் வைக்கப்பட்டது (லேவி. 24:1-4). மாலைதோறும் அதைச் சீர்செய்யும் கடமை ஆரோனுடையது. எரிவது விளக்கின் பணி. எண்ணெய் கொணர்வது சபையின் பணி. திரியைப் பேணுவது ஆசாரியனின் பணி. நம் பள்ளிகளில் முதற்பணி நடைபெற்றுக்கொண்டே இருக்கிறது. ஏனைய இரண்டையும் குறித்து ஒவ்வொரு சேகரமும் தன் அடுத்த கமிற்றிக் கூட்டத்திலேயே ஆராய்வதாக.